தவளைக் கேசட்டில் தலைவர் குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் என் தவளைகளை அழித்துவிட்டார். கேசட்டில் நான் பதிந்து வைத்திருந்த தவளைகளைச் சொல்கிறேன். சதுப்பில் பாதியை அதற்கு முன்பே மண் கொட்டி மூடியாயிற்று.

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடை பரவித் தேங்கும் இடம் அது. அங்கே கோயிலுக்கு மண்டபம் கட்டப் போகிறார்கள். மீதியையும் நிரப்பலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வேண்டாம், தவளைகள் இருக்கின்றன என்றேன். "அங்க கொசுவத் தவிர ஒன்னும் இல்ல" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். சத்தத்தைப் பதிந்து அடுத்த கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கைபேசியில் பதிந்தால் என் மூச்சு கேட்கிறது, தவளை கேட்பதில்லை. வெறும் இரைச்சல் என்று அதுவே வெட்டிவிடுகிறது. ஹட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் நானாவிடம் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். தோளில் மாட்டலாம். பெட்டரி போட்டால் செங்கல் கனம். மழை விட்ட சாயங்காலங்களில் அட்டை கடிக்க மைக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். விசில் போல ஒன்று, கதவு கிறீச்சிடுவது போல ஒன்று, எல்லாம் பதிந்தது. அழியாமல் இருக்கக் கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்தேன். அதை உடைத்தால் பதியும் பட்டன் அமுங்காது.

திருவிழா வந்தது. ஆட்டோவில் அறிவிப்புப் போடும் பழைய ஸ்பீக்கர் செட்டுக்குக் கேசட்தான் வேண்டும். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கேசட்டோடு ரெக்கார்டரை வாங்கிப் போனார். சாமி காரியம் என்றால் எங்கள் வீட்டில் மறுக்க மாட்டார்கள். மறுநாள் அவர் குரல் தோட்டமெல்லாம் சுற்றியது.

கேசட் திரும்பி வந்தது. உடைத்த ஓட்டையின்மேல் பிளாஸ்டர். அதை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"என்னங்க தலைவரே இது?"

"பட்டன் அமுங்கல தம்பி. பிளாஸ்டர ஒட்டுனேன், அமுங்கிருச்சு." பெருமையாகத்தான் சொன்னார்.

"உள்ள இருந்ததக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஒரே கத்தல். தவளைக்கு என்னப்பா பஞ்சம்? மழை பெஞ்சா மறுபடி கத்தப்போகுது."

"கொசு மட்டுந்தான் இருக்குன்னீங்க?"

டீ ஆறுது என்று உள்ளே போய்விட்டார்.

இப்போது பனிக்காலம். தவளைகள் வாயைத் திறப்பதில்லை. மழைக்கு முன்னால் மண் லொறி வந்துவிடும், அதற்கும் முன்னால் கூட்டம். போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. தலைவரே, உங்கள் வாசலில் நின்று என்னிடம் சொன்னதைக் கூட்டத்தன்று கோயில் மைக்கில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அந்தச் சதுப்பில் தவளை இருக்கிறதா, இல்லையா?