மூட்டச்சாமியிடம் நான் கேட்டது

தேயிலைக் கொழுந்து வாடுகிற வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் காதில் சங்கு ஊதுகிறது. மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரிக் கூரையின் மேல்தான் அந்தச் சங்கு இருந்தது. முதல் சங்குக்கு எழுந்து, இரண்டாவது சங்குக்கு "பெரட்டு"க் களத்தில் போய்ப் பேர் கொடுத்து நின்று, கடைசிச் சங்குக்கு வீடு திரும்பும் சனங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதை ஊதுகிறவர் ஒரு சாமி என்று தோன்றினால் அதில் அதிசயம் என்ன? தோன்றியது எனக்கல்ல, என் அக்கா மலர்க்கொடிக்கு.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. கோயில் சாமிகளுக்குப் பெரியவர்களின் குறைகளைக் கேட்கவே பொழுது போதவில்லை, நமக்கென்று தனியாக வேண்டும் என்பது அவள் கட்சி. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த பாறையில் கற்களை நட்டு ஆளுக்கொரு வேலையும் பிரித்துக் கொடுத்தாள். பனியாக இறங்கி மலையை மூடும் மூட்டச்சாமிக்கு மறைக்கிற வேலை, சங்குச்சாமிக்குக் கூப்பிடுகிற வேலை. ஒருவர் மறைத்து வைத்ததை மற்றவர் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுவதால் இருவருக்கும் தீராத பகை. காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் அட்டைச்சாமி என்று ஒன்று இருந்தது. அதற்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் என்னுடைய கணக்குப் பாடத்தைக் கொடுத்துவைத்திருந்தாள்.

சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு சாமியிடம் அதன் வேலையை மட்டும்தான் கேட்க வேண்டும்.

"மாத்திக் கேட்டா சாமி கெட்டுப்போகும்ட்டி. கெட்ட சாமி கேட்டதக் குடுத்துரும். ஆனா எப்படிக் குடுக்கோம்னு பாக்காது" என்பாள்.

அந்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் மாமா வந்து அம்மாவிடம் பேசினார். தேனியில் ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது, மலர் நன்றாகப் படிக்கிற பிள்ளை, திங்கட்கிழமை ஜீப்பில் அனுப்பிவிடு என்றார். அப்பா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. அம்மா சரி என்று சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். அக்கா தன் புத்தகங்களை எடுத்துக் கட்டிவைத்தாள். எனக்கோ சோறு இறங்கவில்லை, அவள் இல்லாத வீட்டில் யாரோடு படுத்துத் தூங்குவது என்று அழுகை அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கும் தெரியாமல் பாறைக்குப் போய் மூட்டச்சாமியின் முன்னால் வெல்லத்துண்டு ஒன்றை வைத்தேன். ஜீப்பை மறைத்துவிடு என்று கேட்டிருந்தால் சட்டப்படி சரியாக இருந்திருக்கும். எட்டு வயசுப் புத்தி, "அக்காவை எங்கேயும் விடாம இங்கயே வச்சுக்கோ" என்று கேட்டுவிட்டேன். வைத்துக்கொள்வது எந்தச் சாமிக்கும் கொடுக்கப்படாத வேலை என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்ப எடுத்துவிடலாமென்று ஓடிப்போய்ப் பார்த்தால் வெல்லத்தில் எறும்பு ஏறியிருந்தது.

அன்று கொழுந்து அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கியது. கடைசிச் சங்கு ஊதிப் பெண்களெல்லாம் திரும்பிவிட்டார்கள், அம்மா மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், ஊதவே கூடாத நேரத்தில், ஆட்களைத் தேடக் கூப்பிடுவதற்காகச் சங்கு மறுபடி ஊதியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்குச்சாமி கூப்பிடுதுல்ல, வந்துருவா" என்றாள். வந்தாள்தான். தண்ணீர் போகும் "கான்" எது, பாதை எது என்று தெரியாமல் காலை வைத்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவளைக் கம்பளியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் ஜீப் வந்தது. அதில் போனது அம்மா, ஆஸ்பத்திரிக்கு. அக்காவின் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

அம்மா ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தாள்; குளிப்பாட்டவும் சோறு பொங்கவும் அக்கா பள்ளியை விட்டாள். எஸ்டேட்டில் வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிவில் இருந்தால்தான் லயத்து வீடு தங்கும். ஆகவே அம்மா இழுத்து இழுத்து நடந்து எப்படியோ சில வருஷம் ஓட்டினாள், அதன் பிறகு அக்கா பேர் பதிந்து கூடையை மாட்டினாள். இதற்கிடையில் ஹாஸ்டலில் அவளுக்குச் சொன்ன இடம் எனக்கு வந்தது. அதே தகரப் பெட்டியோடு நான்தான் ஜீப்பில் ஏறினேன். அக்கா எங்கேயும் போகவில்லை. கேட்டது அப்படியே கிடைத்தது. இன்றைக்கு நான் டீச்சர், அவள் கொழுந்து எடுக்கிறாள்.

போன மாதம் போயிருந்தேன். ஃபேக்டரியை இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். சங்கு ஊதுவதில்லை, அக்கா செல்போன் அலாரத்துக்கு எழுந்திருக்கிறாள். ரோட்டை அகலப்படுத்தியபோது பாறையை வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். சாமிகள் எந்தச் சல்லிக்கல்லோடு போய் எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கின்றனவோ. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், இத்தனை வருஷம் சொல்லாததைச் சொல்லி அழுதேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "நீ மட்டுமாட்டி கேட்ட? எனக்கும் போகப் பயமாத்தான் இருந்துச்சு. நானும் அதுகிட்டத்தான் கேட்டேன்" என்றாள்.

நிஜமா என்று கேட்டேன். கண்ணைத் துடை, குழம்பு கொதிக்குது என்றாள். அன்றைக்கே கேட்டிருந்தாளா, அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நிமிஷத்தில் சொன்னாளா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சாமிகளையே உண்டாக்கினவளுக்கு இந்த ஒரு வார்த்தையை உண்டாக்க எவ்வளவு நேரமாகும்?