கண்ணெதிரே நின்ற சவாரி

என் மூளைக்கு அபாரமான யோசனைகள் வருவது பெரும்பாலும் தூக்கம் கெட்ட நாட்களில்தான். மகளை எல்கேஜியில் சேர்க்கப் போன அன்றும் அப்படி ஒன்று வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடம். பதினொரு மணிக்கு அப்பா, அம்மா, குழந்தை மூவரும் நேரில் வரவேண்டும், பிந்தினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஏ ஷிஃப்ட், அதாவது காலை ஷிஃப்ட். சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் கெஞ்சி மூன்று மணி நேரம் பெர்மிஷன் வாங்கியிருந்தாள். எனக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் ஆப்பில் டாக்ஸி ஓட்டுகிறவன். நினைத்தால் ஓட்டலாம், நினைத்தால் நிறுத்தலாம். அந்தச் சுதந்திரத்தை அனுபவிப்பதற்காக அன்று விடியற்காலை நாலு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்குள் ஒன்பது சவாரி ஆகியிருந்தது. பதினொன்றுக்குள் பத்தாவதையும் எடுத்தால் இன்சென்டிவ். ஒன்பதோடு நின்றால் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளை ஏற்றிக்கொண்டு மனைவியின் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அவள் வந்து கதவில் கை வைத்தாள்.

"இரு, ஏறாத."

"இன்னா?"

"இங்கருந்து ஸ்கூலுக்கு ஆப்புல புக் பண்ணு. பக்கத்துல நிக்கிற வண்டிக்குத்தான் வரும். ட்ரிப்பும் முடிஞ்சிரும், ஸ்கூலுக்கும் போயிரலாம்."

"கட்டுன பொண்டாட்டிய சவாரியா ஏத்தப் போறியா?"

"அஞ்சு ஸ்டார் குடு, போதும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் புக் செய்தாள். பிரசவ வார்டு வாசலில் நிற்பவனைப் போல நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் போன் கம்மென்று இருந்தது. அவள் போன்தான் சத்தம் போட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொருவருக்குச் சவாரி போய்விட்டது.

"கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடு."

மறுபடி போட்டாள். அதே ஆள்.

"யோவ், நான் இன்னா உன் எதிர்ல நிக்கிறேனா, வேற ஊர்ல நிக்கிறேனா? பர்மிஷன் டைம் ஓடிக்கினு கீது!"

நான் மூன்றாவது வழியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டி வந்து நின்றது. ஓட்டியவர் என்னைவிட மூத்தவர், தெற்கத்திக்காரர். என் வண்டியையும், முன் சீட்டில் இருந்த மகளையும், மனைவியின் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி, நானும் போன வாரம் இதத்தான் செஞ்சேன். எம் மவன ட்யூசன்ல விட. எவனோ வந்து ஏத்திட்டுப் போயிட்டாம்லா!"

சிரித்து முடித்தபின் குரலைத் தாழ்த்தி மனைவியிடம் சொன்னார்: "காலையிலருந்து ஒழுங்கா ஒண்ணும் அமையல, தாயி. கேன்சல் பண்றதுன்னா பண்ணிக்கோங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு மகளை இறக்கித் தூக்கிக்கொண்டு அவர் வண்டியில் ஏறினாள். "நீ பின்னாடி வா" என்றாள் என்னிடம்.

இப்படியாக என் குடும்பம் முன்னால் போக, நான் காலி வண்டியோடு பின்னால் போனேன். பாதி வழியில், அதுவரை ஊமையாக இருந்த என் போன் கத்தியது. பத்தாவது சவாரி. வாலாஜாபாத்துக்கு, நேர் எதிர்த்திசை. முன்னால் போன வண்டியின் பின் கண்ணாடி வழியாக மகள் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். போனை ஆஃப்லைனில் போட்டேன். தியாகம் எல்லாம் இல்லை. அந்தச் சவாரிக்குப் போயிருந்தால் மனைவி என்னையே கேன்சல் செய்திருப்பாள்.

பத்து ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே குடும்பம் இரண்டு காரில் வந்து இறங்குவதைப் பார்த்த வாட்ச்மேன் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். வாழ்க்கையில் முதல் சல்யூட். அதை அனுபவிக்கக்கூடக் கண் திறக்கவில்லை.

உள்ளே ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததுதான் தெரியும். விலாவில் மனைவியின் முழங்கை இடித்தது. எதிரே டீச்சர் ஏதோ கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். பதறி எழுந்ததில் வாய் தன் பழக்கத்துக்குப் பேசிவிட்டது: "ஓடிபி சொல்லுங்க மேடம்."

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு டீச்சர். மனைவி மட்டும் சுவரில் இருந்த தமிழ் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தை நன்றாகப் பேசுகிறது, சீட் தருகிறோம் என்றார் டீச்சர்.

"ஆனா எல்கேஜிய பன்னெண்டரைக்கு விட்ருவோம். வேன் கிடையாது. தினமும் யார் வந்து கூட்டிட்டுப் போவீங்க?"

மனைவி யோசிக்கவே இல்லை. "இவரு ஃப்ரீதான் மேடம்."

பன்னிரண்டரை என்பது மதிய பி ஷிஃப்ட் பையன்கள் ரூமைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். சவாரி கொட்டும். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை டீச்சர் விரலால் காட்டினார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு போட்டேன்.