அந்தப் பிழை ஜெசிந்தாவுடையது அல்ல

செய்தி வந்தபோது நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் குழுத் தலைவர் முருகேசன் அழைத்தார். "யம்மா, பஸ்லயா? உக்காந்துதான இருக்க?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். ஜெசிந்தாவுக்குக் காலையில் மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்து நான்கு வயது. எனக்கும் அதே வயதுதான்.

அழுகை வரவில்லை. முதலில் தோன்றியதை உள்ளபடியே எழுதுகிறேன்: இனி யாரோடும் என்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த நொடியே வெட்கமாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளுடைய வேகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக எல்லாவற்றையும் சொல்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் நிலவரத்தை, சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டுகளுக்குக் காட்டும் மென்பொருள்தான் எங்கள் வேலை. இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் ஒரு திரையை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்திருப்பாள். முடித்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மொறுமொறுவென்று மக்ரூன் தின்பாள். அந்தச் சத்தமே எனக்கு ஆகாது.

மென்பொருள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பிறர் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான நிரல்களை, அதாவது பேக்கேஜ்களை, இறக்கிச் சேர்த்தால்தான் ஓடும். அதைச் செய்து தருவது பேக்கேஜ் மேனேஜர். நாங்கள் வைத்திருந்தது என்பிஎம். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் காத்துக்கிடப்போம். அதே வேலையைச் செய்யும் பிஎன்பிஎம்முக்கு மாறினால் வேகம் கூடும் என்று எங்களில் முதலில் படித்தவள் நான்தான். ஏதாவது உடைந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை ஜெசிந்தா அதையே சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றியும் விட்டாள். கால் மணி நேரம் ஒன்றரை நிமிடமானது.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டே, "இதெல்லாம் நான் போன வருசமே படிச்சது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அது ஜெசிந்தாவின் காதில் விழுந்துவிட்டது.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா ஏளா! எவ்வளவு நேரம் சும்மா உக்காந்து கெடந்தோம்!" என்று சிரித்தாள். குத்தலே இல்லாத சிரிப்பு. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஏஜெண்டுகளிடமிருந்து அழைப்புகள் வந்தன. கண்டெய்னரை எடுக்க வேண்டிய கடைசித் தேதியைக் காட்டும் திரை திறக்கவில்லை. முருகேசன் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் முந்திக்கொண்டேன். "நல்லா ஓடிட்டு இருந்தத வேகம் வேகம்னு மாத்துனா இப்படித்தான் சார் ஆகும்."

ஜெசிந்தா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்து, குனிந்து, மற்றவருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஏளா, அந்தத் திரை நீ எழுதுனதுதான? தேதிக்கு ஒரு பேக்கேஜ் எடுத்திருக்க. ஆனா என்னென்ன வேணும்னு எழுதிவைக்கிற நம்ம பட்டியல்ல அத சேக்கவே இல்ல. பழசுல வேற ஒண்ணோட ஒட்டிக்கிட்டு தன்னால வந்துட்டு இருந்துச்சு. புதுசு அப்படி விடாது. சொன்னத மட்டுந்தான் தரும்."

எனக்கு முகம் சூடேறியது. அதற்குள் முருகேசன் வந்துவிட்டார். ஜெசிந்தா நிமிர்ந்து, "மாத்தும்போது ஒரு வரி விட்டுப்போச்சு சார். போட்டுட்டேன். இப்ப ஓடும்" என்றாள்.

யார் விட்டது என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அவர் போனபின், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"ஓடிட்டு இருந்தத மாத்துனது நான்தான? நின்னா நான்தான் பாக்கணும்" என்றாள்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னை இன்னும் சிறுமைப்படுத்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் புதிய திட்டத்தின் பொறுப்பு அவளுக்குத்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். "கொஞ்சம் நிதானம் வேணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, எனக்குக் கொடுத்தார்கள். அந்தத் திரை நின்றதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கை குலுக்கினாள். நான் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடமாக அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன்.

அடக்கத்துக்கு அவளுடைய ஊரான தருவைகுளம் போனோம். வாசலில் நின்ற அவளுடைய அண்ணனிடம் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. "ஆபீஸாம்மா? ஆபீஸப் பத்தி அவ வீட்ல ஒண்ணும் பேச மாட்டா. உள்ள வாங்க" என்றார்.

என் வீட்டில் நான் அவளைப் பற்றிப் பேசாத நாளில்லை. அவள் அன்றைக்கு என்ன உடுத்தி வந்தாள் என்பது வரை என் கணவருக்குத் தெரியும். இந்த வீட்டிலோ என் பெயர்கூட நுழைந்ததில்லை. பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தபோதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

நேற்று முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அது? அவளே போயிட்டா" என்றார். "அதுக்குத்தான் சார்" என்றேன். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவளைப் போல ஆகிவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பொறாமைதான். முன்பு அவளுடைய வேகத்தின்மேல் இருந்தது. இப்போது, எனக்கு வர வேண்டிய பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சோறு தின்றுவிட்டுத் தூங்க முடிந்த அந்த மனதின்மேல் இருக்கிறது. இந்தப் பொறாமையை நான் விடப்போவதில்லை.