மஞ்சள் போன பிறகு

நைனாவின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு முழுக்க அரிப்பு மட்டும். எங்கள் வியாசர்பாடியில் காமாலை என்றால் ஆஸ்பத்திரி நினைவே யாருக்கும் வராது. புளியந்தோப்பில் மருந்து கொடுப்பவர் வீட்டுக்குத்தான் கால் போகும். அவர் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது என்றார். சுண்ணாம்புத் தண்ணீரில் நைனாவின் கையைக் கழுவினார். தண்ணீர் மஞ்சளாக மாறியது.

"பாத்தியா, எறங்குது" என்றாள் அம்மா.

தண்ணீர்தான் மஞ்சளானது, கண் வெளுக்கவில்லை. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற மனிதர், பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். நான் போட்ட கூச்சலில்தான் கடைசியில் ஸ்கேன் எடுக்கப் போனோம்.

டாக்டர் பொறுமையான பெண். கணையத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். வலது பக்கம் பருத்திருப்பது தலை, நடுவில் உடல், இடது பக்கம் மெலிந்து போவது வால். நைனாவுக்குக் கட்டி தலையில். பித்தக்குழாய் அந்த வழியாகப் போவதால் கட்டி அதை நெருக்கிவிட்டது, அதனால்தான் மஞ்சள்.

"புற்றுநோய்தான். ஆனா ரத்தக்குழாயைப் பிடிக்கலை, இப்போ எடுத்துடலாம். தள்ளிப் போட்டா என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அறுவைக்கு முன்னால் பித்தம் இறங்குவதற்காக உள்ளே சின்னக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அங்கேதான் வந்தது வினை. கொஞ்ச நாளில் அரிப்பு நின்றது, கண் வெளுத்தது, நைனா மீன்குழம்பு கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கண் இமையை இழுத்துப் பார்த்து, "காமாலை பூட்ச்சு" என்று தீர்ப்பு சொன்னார்கள். அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

"மஞ்சாதான் பூட்ச்சே, அப்பால இன்னாத்துக்கு வயித்தக் கீறணும்?" என்றார் நைனா.

கட்டி அப்படியே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவர் சாப்பிடச் சாப்பிட எனக்குப் பயம் கூடியது. சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுபரிசோதனைக்கு வரமாட்டேன் என்றவரைச் சண்டை போட்டுத்தான் அழைத்துப் போனேன். காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் ஒருவர், திருவொற்றியூரில் கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்கியவர். நைனா தன் கதையை, அறுவை வேண்டாம் என்று நிற்பதையும் சேர்த்து, அவரிடம் பெருமையாகவே சொன்னார்.

அவர் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கும் அதே நோவுதான் தோஸ்து. ஆனா வால்ல. மஞ்சா கிஞ்சா ஒண்ணியும் வர்ல. முதுகு வலிச்சிகினே இருந்துச்சு, மூட்ட தூக்குற வலின்னு தைலம் தேச்சிகினு கெடந்தேன். இப்போ ஈரல் வரைக்கும் பூட்ச்சாம். மருந்து மட்டும்தான் ஏத்துறாங்கோ. அறுங்கய்யான்னு நானே கேட்டேன், அறுக்க மாட்டேன்றாங்கோ. உன்ன வா வான்னு கூப்புட்றாங்கோ, உனுக்கு இன்னா நோவுது?"

நைனா அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைக் கூப்பிட்டபோதுதான் விட்டார்.

"அறுக்க என்னிக்கு வரணும்னு நீயே கேளும்மா" என்றார் என்னிடம்.

எனக்குச் சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது. அந்த மனிதர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, எங்களுக்கு வழி விட்டார்.