உபவாச நாளில் நான் தின்ற ஐந்து இட்லி

என் மாப்ள எட்வின் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. அதைப் பார்த்துக் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தவன் எட்வின் அல்ல, நான். ஐந்து நாளாக டெங்குக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன்தான் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான்.

"மச்சான், விழுந்துறாதீங்க. இங்க ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு. அதுவும் என்னது."

எட்வின் என் மனைவி கிரேஸின் ஒரே தம்பி. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் வண்டியூரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணமோ காதுகுத்தோ, கண்டிப்பாக என் குரல் அங்கே இருக்கும். வாய் இருக்கிற அளவுக்கு நெஞ்சில் தைரியம் கிடையாது என்பதை நம் சபையில் எல்லோரும் அறிவார்கள். அறியாதவர்களுக்காக இப்போது இந்தச் சாட்சியில் நானே அறிவிக்கிறேன்.

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். முந்தின நாள் சாயங்காலம் இருபதாயிரத்தில் இருந்த பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்றார். ரத்தத்தை உறைய வைத்துக் கசிவை அடைப்பது அதுதான். நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. "ஈறுல கசிவு ஆரம்பிச்சிருச்சு. இது உள்ளயோ தலையிலயோ வந்துறக் கூடாது. மதியத்துக்குள்ள பிளேட்லெட் ஏத்தணும்" என்றார்.

கீழே ரத்த வங்கிக்கு ஓடினேன். ஊரெல்லாம் காய்ச்சல் என்பதால் இருப்பு ஒன்றும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் மும்தாஜ் என்கிற தங்கச்சி நிதானமாகச் சொன்னது: "பி பாசிட்டிவ்ல ஆளக் கூட்டிட்டு வாங்கண்ணே. மெஷின்ல உக்கார வச்சு பிளேட்லெட்ட மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மிச்ச ரத்தத்த அவங்க உடம்புக்கே திருப்பி விட்ருவோம். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி டெஸ்ட் எல்லாம் இருக்கு. சீக்கிரம் வாங்க."

நானும் பி பாசிட்டிவ்தான். டிரைவிங் லைசென்ஸில் போட்டிருக்கிறது. ஆனால் சபையாரே, அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. பொய் சொல்லக் கூடாது. வந்தது. உடனே அதை அமுக்கிவிட்டேன்.

வருஷா வருஷம் நம் சபை நடத்தும் ரத்ததான முகாமில் மைக் பிடிக்கிறவன் நான். "பதினெட்டு வயது நிரம்பியவர்கள், நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள், ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் வரலாம். சமீபத்தில் பச்சை குத்தியவர்கள், காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்மார்கள் இந்த முறை வேண்டாம்" என்று மூச்சு விடாமல் சொல்லுவேன். யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு மனப்பாடம். காரணம் சேவை மனப்பான்மை அல்ல. தப்பிக்க ஒரு சந்து கிடைக்காதா என்று தேடித் தேடிப் படித்ததுதான். ஒரு வருஷம் பல் பிடுங்கியிருக்கிறேன் என்றேன். மறு வருஷம் ஆம்ப்ளிஃபயரை விட்டு நகர முடியாது என்றேன். ஆனால் ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டையும் ஜூஸையும் இருபது வருஷமும் தவறாமல் சாப்பிட்டேன்.

முதல் ஆளாகப் படுத்து ரத்தம் கொடுக்கிறவன் எட்வின். கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "மச்சான் வாய மட்டும்தான் தானம் பண்ணுவாரு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுப் போவான். அப்பேர்ப்பட்டவன் மேலே படுத்திருக்கிறான். வாய்தானம் பண்ணியவன் கீழே நிற்கிறேன்.

பாஸ்டருக்கு போன் அடித்தேன். அழுததில் நான் பேசியது பாதிதான் புரிந்திருக்கும். "தைரியமா இருங்க பிரதர். நேத்து ராத்திரியிலயிருந்தே எட்வினுக்காக சபையில உபவாச ஜெபம் நடக்குது. ஆளுங்களக் கூட்டிட்டு நானே வாரேன்" என்றார்.

அந்த உபவாசத்துக்கு நானும் கைதூக்கியிருந்தேன். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று சபையே தீர்மானம்.

எட்வின் பக்கத்தில் ஜெபம் பண்ணலாம் என்று மாடிக்கு ஏறினேன். பதற்றத்தில் ஒரு மாடி அதிகமாக ஏறிவிட்டேன். கதவைத் திறந்து, கட்டில் ஓரம் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். "ஆண்டவரே, எட்வினைக் காப்பாத்தும். ஒரு ஆளை அனுப்பும். பி பாசிட்டிவ் ஆளா அனுப்பும். நல்ல நரம்புள்ள ஆளா அனுப்பும். ஊசிக்குப் பயப்படாத ஆளா அனுப்பும்." சாமான் வாங்கப் பட்டியல் போடுவதுபோல ஆண்டவரிடம் பட்டியல் போட்டேன். கண்ணைத் திறந்தால், கால் கட்டோடு ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி.

"தம்பி, எம் பேரு எட்வின் இல்ல. சோழவந்தான்ல வெத்தலக் கொடிக்கால் போட்ருக்கேன். வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார்.

"மன்னிச்சிருங்கய்யா, ரூம் மாறி வந்துட்டேன்."

"அதுனால என்ன? நிறுத்தாதீங்க. இம்புட்டு அழுது எனக்குன்னு யாரும் சாமி கும்பிட்டதில்ல. ஆளு கெடைப்பாக. போங்க."

கீழே இறங்கினேன். பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு வராது, சிலருக்குத் தூக்கம் வராது. எனக்குப் பசி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கால்கள் என்னைக் கேட்காமலே ரோட்டைத் தாண்டி எதிர்த்த டிபன் கடைக்குள் நுழைந்துவிட்டன.

"ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஆம்லெட்" என்றேன்.

"கேஸ் மாத்தி இப்பத்தான் பத்த வச்சிருக்குண்ணே. கல்லு காயல. இட்லிதான் இருக்கு" என்றார் கடைக்காரர்.

சாப்பிட்டேன். ஐந்து. அழுதுகொண்டே சாப்பிட்டேன். சட்னி உறைப்பு என்று பக்கத்து மேஜைக்காரர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அதையும் குடித்தேன், இரண்டு டம்ளர். என் மைத்துனனுக்காகச் சபையே பட்டினி கிடக்கிறது. நான் மட்டும் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ரத்த வங்கி வாசலில் போய் நின்றேன்.

ஒன்பது மணிக்குப் பாஸ்டர் வந்தார். பின்னால் பத்துப் பேர். அதில் ஆறு பேர் பி பாசிட்டிவ். ஸ்தோத்திரம் சொன்னேன். ஒரு ஆளைக் கேட்டேன், ஆறு பேர்! அவர்களோடு வந்த கிரேஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மும்தாஜ் தங்கச்சி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. முதலில் போனவருக்கு வயது அறுபத்திநாலு. பிளேட்லெட்டுக்கு அறுபதுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டது. இரண்டாமவர் மூட்டு வலிக்கு முந்தின நாள்தான் ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரை போட்டிருந்தார். அதைப் போட்டால் மூன்று நாளைக்குப் பிளேட்லெட் வேலை செய்யாதாம். மூன்றாவது, தச்சு வேலை பார்க்கும் நம் சபைத் தங்கராஜ். கை ஒவ்வொன்றும் உலக்கை. நரம்பு கயிறு கயிறாக ஓடும்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

தங்கராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "இல்லம்மா. உபவாசம்!"

"எப்பயிருந்து?"

"நேத்து ராத்திரியிலயிருந்து. தண்ணிகூடக் குடிக்கல!"

"அப்ப எடுக்க முடியாதுண்ணே. மயங்கி விழுந்துருவீங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

அடுத்தவர் வந்தார். "உபவாசம்." அதற்கு அடுத்தவர் வந்தார். "உபவாசம்." ஆறாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தங்கச்சியே, "நீங்களும் சாப்பிடலயா?" என்றது. அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"என்னண்ணே இது? ஒரு உசுரக் காப்பாத்த வந்துட்டு எல்லாரும் சேர்ந்தாப்ல பட்டினியா வந்திருக்கீங்க? நாங்களுந்தான் நோன்பு வைப்போம். அன்னைக்குப் பகல்ல ரத்தம் கொடுக்க வர மாட்டோம்."

பாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்பவே சாப்பிடச் சொல்றேம்மா. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"சாப்பிடட்டும் பாஸ்டர். ஆனா தண்ணி குடிச்சு நரம்பு தெளிஞ்சு, அதுக்கப்பறம் டெஸ்ட்டு, மெஷினுன்னு சாயங்காலம் ஆயிரும். டாக்டர் மதியத்துக்குள்ள கேட்ருக்காங்க." சொல்லிக்கொண்டே வந்த தங்கச்சி என்னைப் பார்த்தது. முகத்தை அல்ல. சட்டையை. "அண்ணே, நீங்க என்ன குரூப்பு?"

நான் பதில் சொல்வதற்குள் கிரேஸ் சொன்னாள். "பி பாசிட்டிவ். ஆனா அவரும் உபவாசம்மா."

"அப்பறம் சட்டையில என்ன சாம்பாரு?"

அத்தனை பேரும் என் சட்டையைப் பார்த்தார்கள். பாக்கெட்டுக்கு மேல், பருப்போடு, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. எத்தனை பெரிய கூட்டம் முன்னாலும் மைக்கில் பேசியவன் நான். அன்றைக்கு உள்ளங்கையால் அந்தக் கறையை மூடிக்கொண்டேன்.

"எத்தன இட்லி?" என்றாள் கிரேஸ். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

"அஞ்சு."

"பூரி, ஆம்லெட்டுன்னு எண்ணெயில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாண்ணே?" என்றது தங்கச்சி. "அது சாப்பிட்டா பிளாஸ்மா, அதான் ரத்தத்துல இருக்கிற தண்ணி, பால் மாதிரி கலங்கிரும். எடுக்க முடியாது."

"கல்லு காயலம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காலையில் ஆண்டவரிடம் ஆள் கேட்டேனே, அவர் ஆளை அனுப்பிவிட்டார். ரோட்டைத் தாண்டச் செய்து, கல்லைக் காயவிடாமல் வைத்து, தண்ணீரும் குடிக்க வைத்து அனுப்பியிருக்கிறார். பட்டியலில் கடைசியாகப் போட்டதை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை. ஊசிக்குப் பயப்படாத ஆள் என்றேன் அல்லவா? அதை அடித்துவிட்டார்.

இத்தனை தெரிந்தும் நான் திருந்தவில்லை பாருங்கள். கேள்விகள் கேட்டபோது ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று மனம் அலைந்தது. மஞ்சள் காமாலை? வந்ததில்லை. மலேரியா? இல்லை. சமீபத்தில் ஆபரேஷன்? இல்லை. மது? இல்லை. சர்க்கரை? பார்த்தார்கள், இல்லை. வயது நாற்பத்தெட்டு, எடை எண்பத்திரண்டு. பிரஷர் மட்டும் எகிறியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பத்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். பாஸ்டர் தோளில் கை வைத்து ஜெபித்தார், அது இறங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. எல்லாம் சரி. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று கேட்டு அத்தனை துக்கப்பட்டவன் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருவன்தான்.

ஊசி போடும்போது கத்தினேன். தங்கச்சி சொன்னது: "அண்ணே, நான் இன்னும் பஞ்சுதான் வச்சிருக்கேன்."

அப்புறம் போட்டார்கள். எறும்பு கடித்ததுபோல என்று மைக்கில் சொல்லுவேனே, அது பொய். கட்டெறும்பு. ஆனால் ஒரு நொடிதான். மெஷின் மெதுவாகச் சுற்றியது. கையில் கொடுத்த பந்தை அமுக்கிக்கொண்டே படுத்திருந்தேன். நடுவில் உதடு மரத்துக் குறுகுறுத்தது. "நான் போறேன் போலிருக்கு, கிரேஸிட்ட சொல்லிருங்க" என்றேன். ஒரு கால்சியம் மாத்திரையைச் சப்பக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. தலைக்கு மேல் பையில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் நிறத்தில் நிறைந்தது. பருப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்காகவா இருபது வருஷம் ஓடினோம் என்று நினைத்தபோது கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாஸ்டர்தான் துடைத்துவிட்டார். "பாஸ்டர், உபவாசத்த மீறிட்டேன்" என்றேன்.

"தெரியும் பிரதர். சட்டையில பாத்தேன். உங்களத் திட்டணும்னு நினைச்சேன், சிரிப்பு வந்துருச்சு. கர்த்தரும் சிரிச்சிருப்பாரு."

ஒரு மணிக்கு முன்னால் அந்தப் பை எட்வினுக்கு ஏறத் தொடங்கியது. சாயங்காலம் ஈறில் கசிவு நின்றது. மறுநாள் காலை இன்னொரு பை தேவைப்பட்டது. தங்கராஜ் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தான். அதற்கு அடுத்த நாள் எண்ணிக்கை தானாகவே ஏற ஆரம்பித்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து ஆறாம் நாள் எட்வின் வீட்டுக்கு வந்தான். இப்போது காலையில் தெப்பக்குளம் பக்கம் போனால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் போகிற அவனைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை அந்த ஹாரன் கேட்கும்போதும் நான் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். என் மைக்செட்டில் அதைவிட இனிமையான சத்தம் இதுவரை வந்ததில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் மாடிக்குப் போய் அந்தப் பெரியவரையும் பார்த்தேன். "எட்வின் எப்டி இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்டார்.

எட்வின் மட்டும் என்னை விடவில்லை. "மச்சான், உங்க பிளேட்லெட்டு எனக்குள்ள ஓடுது. இனிமே எனக்கும் ஊசியப் பாத்தா பயம் வந்துருமோ?" என்றான். "பயம் வராது மாப்ள. பசிதான் வரும்" என்றேன். கிரேஸ் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். இன்னமும் பஞ்சு வைக்கும்போதே கத்துகிறேன். பயம் போகட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் நான் கல்லறைக்குத்தான் போயிருப்பேன். இந்த வருஷ முகாமில் முதல் கட்டிலில் படுத்தவன் நான். கொடுத்து முடித்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன். இருபது வருஷத்தில் நியாயமாகச் சாப்பிட்ட முதல் பிஸ்கட்.

அன்பானவர்களே, நீங்களும் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யாருக்காவது அழுதுகொண்டிருக்கலாம். கேளுங்கள். ரூம் மாறிப் போய் முழங்கால் போட்டாலும், அவர் காதுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் ஆள் அனுப்பும் என்று கேட்டுவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு தரம் உங்கள் சட்டையையும் குனிந்து பாருங்கள்.

அடுத்த முகாமுக்கு எல்லோரும் வாருங்கள். உபவாசத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.