பையையும் எடுத்துக்கோ

பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து கைதட்டல்தான். செல்வத்துக்கு ஏதோ விருதாம். வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு வரி வந்து விழுந்தது: "சேவியர் சம்சாரம் நம்பர் யார்ட்டயாவது இருக்கா?"

எனக்குப் பியூன் அண்ணாச்சியின் டயர் செருப்புச் சத்தம் கேட்டது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் நாங்கள் படித்தபோது, அவர் வகுப்பு வாசலில் நின்று பெயரை மட்டும் கூப்பிட்டால் பயமில்லை. பையோடு கூப்பிட்டால் வீட்டில் சாவு.

அன்று ஜன்னல் வழியே உப்புக்காற்று மணலை அள்ளி வீசியது. "ஏலே சேவியர், இங்கன வா" என்றவர், தரையைப் பார்த்தபடி, "பையையும் எடுத்துக்கோ" என்றார். அவன் அப்பா கடலில் சங்கு குளிக்கப் போயிருந்தார். என் பக்கத்திலிருந்த சேவியர், கையிலேயே இருந்த பென்சிலை வெகுநேரம் தேடினான்.

குழுவில் கைதட்டல் நின்றுவிட்டது. சேவியரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான்; அவனிடமே கேள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.