நான் பெரியபிள்ளையான வருடம் அண்ணன் கடலுக்குப் போனான்

போன கிழமை விடியற்காலையில், லிங்கநகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினிக்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மணம் வந்தது. நல்லெண்ணெயில் கத்தரிக்காய் வதங்கும் மணம். அந்த நேரத்தில் யாரும் கத்தரிக்காய் சமைப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று ஒருவரும் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. தேநீர் இறங்கவில்லை. எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

எனக்கும் அதைத்தான் தீத்தினார்கள். பச்சை முட்டை, அதற்கு மேல் நல்லெண்ணெய், பிறகு கத்தரிக்காய். அறை மூலையில் ஒரு பாய். ஆண்களின் முகத்தில் முழிக்கக் கூடாது. சின்னம்மா என் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குடியடி, இடுப்புக்குப் பலம்" என்று ஊற்றுவார். அந்த இடுப்பு முந்தின கிழமைவரை வலை இழுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாத விசயமில்லை.

ஓம், வலை இழுத்தேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்பாவோடு தொழிலுக்குப் போன மாமா கட்டாருக்குப் போய்விட, வள்ளத்தில் இரண்டாவது ஆள் நானானேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் விடிய முன்னம் போய் வெயில் ஏற முன்னம் வந்துவிடுவோம். எஞ்சினை நான் பிடிப்பேன், அப்பாவோடு சேர்ந்து வலையும் இழுப்பேன். கோணேசர் மலையைக் கரையிலுள்ள எதனோடு நேர் பார்த்தால் அடியில் கற்பார் இருக்கும், மீன் நிற்கும் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். கரையில் நிற்பவர்கள், "என்ன, மகளை வள்ளத்துக்குச் சம்மாட்டி ஆக்கப் போறியோ?" என்று அப்பாவைச் சீண்டுவார்கள்.

"பொடியனை விட இவள் திறம்" என்பார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்காக நான் அக்கரையிலிருக்கும் மூதூர்வரை நீந்தியிருப்பேன்.

பொடியன் என்றது என் அண்ணனை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளம் கரையைவிட்டு நகர்ந்ததுமே சத்தி எடுப்பான். ஆனால் கணக்கு! ஒரே கணக்கை இரண்டு வழியில் செய்துவிட்டு, எது வடிவு என்று என்னிடம் கேட்பான். எனக்கு இரண்டுமே விளங்காது. என் பள்ளிக்கூடக் கணக்கையெல்லாம் அவன்தான் செய்து தந்தான். பதிலுக்கு, அவன் போகவேண்டிய நாட்களிலும் நானே கடலுக்குப் போனேன். இருவருக்கும் அது நல்ல பண்டமாற்று.

நான் அறைக்குள் இருந்த முதல் நாளே அது முடிந்தது. வெளியே அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது.

"இனி இவள் வள்ளத்தில கால் வைக்க ஏலாது. தீட்டு."

"அப்ப ஆர் எஞ்சின் பிடிக்கிறது?"

"ஆம்பிளைப் பிள்ளை ஒண்டு வீட்டில சும்மாதானே இருக்குது."

சும்மா. ஒன்பதாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருவதற்கு எங்கள் வீட்டில் இருந்த பெயர் அது.

கணக்கு ஆசிரியர் வீடு தேடி வந்து, "அவன்ர படிப்பை மறிக்காதையுங்கோ" என்றார். அப்பா கதிரை போட்டுத் தேநீர் கொடுத்து, "ஓம் சேர், ஓம் சேர்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த நாள் விடியவே அண்ணனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். அதோடு அவனுடைய பள்ளிக்கூடம் நின்றது.

அன்று பின்னேரம் அண்ணன் என் அறையின் மூடிய கதவுக்கு வெளியே வந்து இருந்தான்.

"நீ பெரியபிள்ளையானதுக்கு நான் ஏன்டி சத்தி எடுக்கோணும்?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்த வயதில் அது பகிடியாகத்தான் இருந்தது.

எனக்குத் தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்த அன்று அப்பா வள்ளத்துக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் ஏறி இறங்கிய வள்ளம் அல்லவா. எனக்குச் சேலை, நகை, மாலை. பட அல்பத்தில் மாவில் புரட்டிய சூடை மீன்போல இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஊரே வந்து எனக்கு ஆலாத்தி எடுத்தது. அண்ணன் மீனைக் கொடுத்துவிட்டு வந்து, பந்தல் ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வலை தைக்கப் போனான். அவனும் அந்த மாதம்தான் பெரியவனானான். அதற்கு யாரும் படம் எடுக்கவில்லை.

கடல் என் கைவிட்டுப் போன பிறகு எனக்கு மிஞ்சியது பள்ளிக்கூடமும் ரியூசனும்தான். கோபத்தில் படித்தேன். பல்கலைக்கழகம் போனேன். எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் ரியூசன் அண்ணன் பிடித்த மீனில் நடந்தது என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லத்தான் வேண்டும்.

பட்டமளிப்பு முடிந்து வந்தபோது வீட்டில் சொந்தக்காரருக்குச் சாப்பாடு. அப்பா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்:

"படிக்கிற தலை எங்கட வீட்டில இவளுக்குத்தான். பொடியன் சின்னனிலேயே கடல், கடல் எண்டு நிண்டவன்."

பொய் சொல்பவரின் முகமில்லை அது. அவர் அப்படித்தான் நினைவு வைத்திருந்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். தோள் அகன்று, வெயிலில் கறுத்து, சோற்றுச் சட்டியோடு நின்றவன் சிரித்தான்.

"ஓம், எனக்கெங்க படிப்பு ஏறினது!"

"அண்ணா, நீதானே என்ர கணக்கெல்லாம் செய்து தந்தனீ?"

அவன் பகிடி விடவில்லை. சட்டியைப் பிடித்தபடி உண்மையாகவே யோசித்தான்.

"நானோ? உனக்கு ஆரோ ரியூசன் மாஸ்டர் செய்து தந்திருப்பார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

பழைய கரை போய்விட்டதென்று எங்கள் ஆட்கள் கூடும்போதெல்லாம் கவலைப்படுவார்கள். அண்ணனும் அவர்களோடு சேர்ந்து கவலைப்படுவான். மரவள்ளங்கள் போனதைச் சொல்வான், கரைவலை போனதைச் சொல்வான். கணக்கில் வடிவு பார்த்த பொடியன் போனதை மட்டும் அவன் அறியவில்லை.